கருந்துணிக்கு அடியில் எஞ்சியவன்

இந்தக் கதையைக் கேட்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. வத்தலக்குண்டுக்கு மேற்கே, சமவெளி முடிந்து மலை எழும்பத் தொடங்கும் இடத்தில், தொலைகரைத் தூதர் சபையின் நவதுறவகம் இருந்தது. கடல் கடந்து சென்று மறைபரப்ப விரும்பிய இளைஞர்கள் அங்கே வந்து பயின்று, கற்பும் ஏழ்மையும் கீழ்ப்படிதலுமே தம் வாழ்வு என்று இறைவனுக்கு வார்த்தைப்பாடு கொடுத்து, அதன் பிறகு பம்பாய்க்கு ரயிலேறி, அங்கிருந்து கப்பலேறினார்கள். அந்த வீட்டில் யாரும் எதையும் ‘என்னுடையது’ என்று சொல்லக் கூடாது. நமது செருப்பு, நமது போர்வை, நமது தட்டு என்றே சொல்ல வேண்டும். கடைவாய் வீங்கி அழுத ஒரு பையன் ‘நமது பல் வலிக்கிறது’ என்று சொன்னபோது மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள் என்பதும், சிரித்ததற்காக அன்று மாலை அனைவரும் உணவறை வாசலில் முழந்தாளிட்டார்கள் என்பதும் அங்கே பயிற்சி எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதற்குச் சான்று.

அடுத்து, கருந்துணியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். வார்த்தைப்பாட்டு நாளில் இளைஞர்கள் பீடத்தின் முன் வரிசையாகக் குப்புறக் கிடப்பார்கள். இறந்தவர்களின் பெட்டியைப் போர்த்தும் அகன்ற கருந்துணி அவர்கள்மேல் விரிக்கப்படும். கோயில் மணி, ஊரில் யாரோ போய்ச்சேர்ந்ததுபோல், நிறுத்தி நிறுத்தித் துக்கமணியாக ஒலிக்கும். புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்றாடி முடிந்ததும் துணியை எடுப்பார்கள். உலகுக்கு இறந்தவர்கள் எழுந்து புது அங்கி அணிவார்கள். அந்த நேரத்தில் தாய்மார்கள் அழக் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவைப்பது வழக்கம். அவர்களும் அழாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருப்பார்கள்.

கடைசியாக, நவதுறவியருக்குத் தலைவராக இருந்து அவர்களை உருவாக்கிய அருட்தந்தை பெர்க்மான்ஸ் கொடியவர் அல்லர் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தம்மிடம் வருகிற பையன்கள் ஊர்பேர் தெரியாத கரையில் தனியாகச் சாகப்போகிறவர்கள், அங்கே அவர்களை அழவைக்கக் கூடிய எதையும் இங்கேயே களைந்து அனுப்புவதுதான் தாம் செய்யக்கூடிய ஒரே உபகாரம் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

எஸ்தாக்கி என்கிற பையன் இலந்தைத்துறை என்னும் கடற்கரை ஊரிலிருந்து வந்தவன். அவன் தகப்பன் கட்டுமரத்தோடு கடலுக்குப் போய்த் திரும்பாதவர். தாய் கித்தேரியம்மாள் கருவாடு போட்டு விற்று ஒரே மகனை வளர்த்தவள். அவன் நன்றாகச் செபித்தான், நன்றாக உழைத்தான், சொன்னதைச் சொன்னபடி செய்தான். ஆனால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தன்னை அறியாமல் சீட்டியடித்தான், உணவறையில் புனிதர் வரலாறு வாசிக்கப்படும்போது சிரிக்கக் கூடாத இடங்களில் சிரித்தான், மழைக்காற்று கிழக்கிலிருந்து வீசுகிற பிற்பகல்களில் கிணற்றடியில் நின்று தகப்பனை நினைத்து வாய்விட்டு அழுதான். வாரக் கூடுகையில் ஒருவர் குறையை ஒருவர் எடுத்துச் சொல்வது அங்கே விதி. மற்றவர்களின் குறைகள் வாரந்தோறும் மாறின. எஸ்தாக்கியின் குறைகள் மட்டும் சீட்டி, சிரிப்பு, அழுகை என்று மாறாமல் இருந்தன. வார்த்தைப்பாட்டுக்கு முந்தின நாள் பெர்க்மான்ஸ் அவனைத் தம் அறைக்கு அழைத்து, நீ நல்லவன், ஆனால் உன்னோடு இன்னொருவன் ஒட்டிக்கொண்டே வருகிறான் என்று சொல்லி, பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நம் பணிக்கு ஆகாதது எதுவோ, அதை எல்லாம் நாளைக்கு அந்தத் துணிக்கு அடியிலேயே விட்டுவிட்டு எழுந்து வா, தம்பி.”

எஸ்தாக்கி தலையசைத்தான். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் என்று முன்பே குறிப்பிட்டோம்.

மறுநாள் மன்றாட்டு முடிந்து துணியை எடுத்தபோது, எஸ்தாக்கி எழுந்தார். மற்றவர்களோடு சேர்ந்து கைகளைக் குவித்து, கண்களைத் தாழ்த்தி, ஒரு கறையும் இல்லாத முகத்தோடு, வார்த்தைப்பாட்டை ஏற்க வந்திருந்த ஆயரின் முன் போய் நின்றார். அவர் கிடந்த இடத்தில் எஸ்தாக்கி இன்னும் கிடந்தான். அவன் மேல் நவதுறவகத்துக்கு முதன்முதலாக வந்த நாளில் அணிந்திருந்த கோடு போட்ட சட்டையும் நாலுமுழ வேட்டியும் இருந்தன. அவை ஏழைகளுக்குக் கொடுக்கப்பட்டுவிட்ட துணிகள் என்பது பலருக்கும் நினைவிருந்தது. அவன் தன் போக்கில் முழங்கையை ஊன்றி எழுந்து, மூக்கில் ஒட்டியிருந்த கம்பள மயிரைத் தட்டிவிட்டு, முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்த பெர்க்மான்ஸின் அருகில் வந்து குனிந்து, கோயிலுக்குள் பேசுகிற குரலில் கேட்டான்:

“ஃபாதர், சோறு ஆயிட்டா?”

ஆயர் வயதானவர், பூசைப் புத்தகத்தில் இல்லாத எதற்காகவும் அவர் பூசையை நிறுத்தியதில்லை, அன்றும் நிறுத்தவில்லை. விருந்தின்போது ஒரு தட்டு குறைந்தது. சமையற்காரர் வியாகுலம் ஒரு வாழையிலையை அறுத்துக் கழுவிக்கொண்டு வந்து போட்டார். அந்த ஆண்டு, தாய்மார்கள் வந்து தங்கும் விடுதியில் அம்மை நோய் கண்டிருந்ததால் அவர்கள் யாரும் அழைக்கப்படவில்லை. ஆகவே கித்தேரியம்மாள் இதைப் பார்க்கவில்லை.

அன்று மாலையே பெர்க்மான்ஸ் எஞ்சியவனைத் தம் அறையில் நிறுத்தி விசாரித்தார். பெயர் என்ன என்று கேட்டதற்கு, எஸ்தாக்கிதான் என்றான். வார்த்தைப்பாடு கொடுத்தாயா என்று கேட்டதற்கு, “நான் குடுக்கல ஃபாதர், நான் கீழல்லா கிடந்தேன்” என்றான். பிறகு, அவர் எதற்காக இவ்வளவு வருந்துகிறார் என்பது விளங்காதவன்போல, அவருக்கு ஆறுதலாகவே சொன்னான்:

“நீங்கதான சொன்னீங்க, விட்டுட்டு எந்திரின்னு. அவன் விட்டுட்டு எந்திரிச்சிட்டான். அப்ப நான் வீட்டுக்குப் போவட்டா? அம்ம தனியா இருப்பா.”

பீடத்தில் வைக்கப்பட்ட காணிக்கையில் எந்தப் பகுதியையும் திரும்ப எடுத்துக்கொண்டு போகும் உரிமை யாருக்கும் இல்லை என்று பெர்க்மான்ஸ் கருதினார். அதைவிட, பிரிந்தது தானாகவே கூடிவிடும், கூடுமுன் இவனை ஊருக்கு அனுப்பிவிட்டால் அங்கே இவன் சதையும் எலும்புமாக உறைந்துபோவான், பிறகு வார்த்தைப்பாடு கொடுத்து எழுந்த அந்த நல்ல சகோதரர் என்றைக்கும் அரைகுறையாக நிற்பார் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. ஆகவே, சகோதரர் எஸ்தாக்கி முதல் விடுமுறைக்கு வரும்வரை இங்கேயே இரு, அவர் வந்ததும் பார்ப்போம் என்று சொன்னார். கடல் கடந்தவர்களுக்கு முதல் விடுமுறை பத்து ஆண்டுகள் கழித்துத்தான் என்பது இருவருக்கும் தெரியும். “சரி ஃபாதர்” என்றான் எஸ்தாக்கி.

வந்த அதிசயத்தை அந்த வீடு எப்படித் தனக்குள் அடக்கிக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஒழுக்க இயல் கற்பித்த வயதான அருட்தந்தை, இவனுக்கு மறுபடி ஞானஸ்நானம் தேவையில்லை, ஏனெனில் தண்ணீர் ஊற்றப்பட்ட தலை இருவருக்கும் ஒன்றே என்று தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமைகளில் இருவரும் ஒரே வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். சகோதரர் எஸ்தாக்கி உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார், எஞ்சியவனோ பின்னால் நிற்பவர்கள் கால் மாற்றி நிற்கும்வரை எழுந்து வரவில்லை. இளையவர்கள் அவனுக்கு ‘மிச்சம்’ என்று பெயர் வைத்தார்கள். ‘மிச்சம் வந்தாச்சு, இனி சட்டியில மிச்சம் இருக்காது’ என்று உணவறையில் கிண்டல் செய்தார்கள். அவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு இரண்டாம் முறை சோறு வாங்கினான். அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நிர்வாகிக்குத் தெரியவில்லை. பசுக்களின் பொறுப்பைக் கொடுத்துவிட்டால் தொழுவத்துக் கணக்கில் அவன் சாப்பாடும் போய்விடும் என்று கண்டுபிடித்து நிம்மதி அடைந்தார்.

அந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேட்கத் தோன்றும். கல்யாண வீட்டில் சந்திக்கிற தூரத்து உறவினர்களைப்போல மரியாதையாக நடந்துகொண்டார்கள். சகோதரர் வழியில் எதிர்ப்பட்டால் தலைதாழ்த்தி ஒதுங்கி நின்று வழிவிட்டார். எஸ்தாக்கி ஏதாவது பேச நினைத்து வாயைத் திறப்பான், பிறகு மாட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே போய்விடுவான். சகோதரர் கப்பலுக்குப் புறப்பட்ட காலையில் அவருடைய தகரப்பெட்டியைச் சாலைவரை தலையில் சுமந்து வந்தவனும், பஸ் மறையும்வரை கையசைத்தவனும் எஞ்சியவன்தான். சகோதரர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருக்கக் கற்பித்தவர் பெர்க்மான்ஸ். அவர் அன்று தம் பணியில் நிறைவு கண்டார்.

ஆண்டுகள் போயின. புதிய பையன்கள் வந்தார்கள். வந்த முதல் வாரத்தில் தாயை நினைத்து அழுகிறவர்கள் தலைவரின் அறைக்குப் போகாமல் தொழுவத்துக்குப் போனார்கள் என்பதைப் பெர்க்மான்ஸ் கவனித்தார். வைக்கோல் போரின் மறுபக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் எஸ்தாக்கியிடம் ஏதேதோ பேசினார்கள்; அவன் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தான்; சில சமயம் அவர்களோடு சேர்ந்து அழுதான்; அழுது முடித்ததும் ஒரு குவளைப் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தான். மஞ்சள் காமாலை கண்டு ஒரு பையன் கிடந்தபோது மருத்துவர் சொன்னதை எல்லாம் செய்துவிட்டுப் பெர்க்மான்ஸ் தம் அறைக்குப் போனார். எஸ்தாக்கி அந்தப் பையனின் காலைப் பிடித்துவிட்டபடி, அவனுடைய ஊர்த் திருவிழாவில் தேர் எந்தத் தெருவில் முதலில் திரும்பும் என்று ஒவ்வொரு தெருவாக விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவை எல்லாம் பயிற்சிக்கு இடையூறு என்றே தலைவர் எண்ணினார். ஆனாலும் அவனை வெளியேற்றவில்லை. வெளியேற்றினால் அவன் வீட்டுக்குப் போய்விடுவான்.

அப்படி இருக்கையில், வத்தலக்குண்டுச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவந்த இலந்தைத்துறைக்காரர் ஒருவர், சாலையில் பசுக்களை ஓட்டிக்கொண்டு போனவனைப் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பிக் கித்தேரியம்மாளிடம் உன் மகன் ஆப்பிரிக்காவில் இல்லை, மலையடியில் மாடு மேய்க்கிறான் என்று சொல்லிவிட்டார். அவள் மறுநாளே பஸ் ஏறினாள்.

அவள் வாசலில் வந்து நிற்கிறாள் என்று வியாகுலம் ஓடிவந்து சொன்னபோது பெர்க்மான்ஸ் செய்த முதல் காரியம், தொழுவத்துக்குப் போய், மணி அடிக்கும்வரை வைக்கோல் அறையை விட்டு வெளியே வர வேண்டாம் என்று எஸ்தாக்கியிடம் சொன்னது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. கீழ்ப்படிவேன் என்று வார்த்தை கொடுக்காதவன் அவன், இருந்தும் கீழ்ப்படிந்தான். ஏனெனில் அந்தப் பழக்கம் மட்டும், துணிக்கு மேலே எழுந்தவரிடமும் கீழே கிடந்தவனிடமும் ஒரே அளவில் இருந்தது.

சந்திப்பறையில் கித்தேரியம்மாள் நாற்காலியில் உட்கார மறுத்து, மடியில் துணிப்பொட்டலத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். தன் மகனைப் போன்ற ஒருவன் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னாள். பெர்க்மான்ஸ் பொய் சொல்லத் தெரியாதவர். ஆகவே உண்மையில் தமக்கு வேண்டிய பாதியை எடுத்துச் சொன்னார்: உங்கள் மகன் ஆப்பிரிக்காவில், ஒரு பெரிய ஏரிக்கரையில், சபைக்குப் பெருமை சேர்த்துக்கொண்டு இருக்கிறார். அவள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“சாமி, கடவுளுக்குக் குடுத்தத நான் திருப்பிக் கேக்க வரல. எடுத்துக்கிட்டது அவருக்கு. அவரு எடுத்துக்கிட்டது போவ எதாச்சும் கிடக்குதுன்னா, அது பெத்தவளுக்குத்தான?”

இந்தக் கேள்விக்கு அவர் படித்த நூல்களில் விடை இல்லை. இருந்திருந்தால் தேடுவதற்கு நேரம் கேட்டிருப்பார். இல்லாததால் உடனே பதில் சொன்னார்:

“இங்கே அப்படி மிச்சம் என்று ஒன்றும் இல்லை, அம்மா.”

அந்த நேரத்தில் தொழுவத்துப் பக்கமிருந்து சீட்டி கேட்டது. அவளை அழைப்பதற்காக அல்ல. அவள் வந்திருப்பதே எஸ்தாக்கிக்குத் தெரியாது. சும்மா இருக்கிற நேரத்தில் அவன் வாய் தானாகச் செய்கிற வேலை அது. கித்தேரியம்மாள் முகத்தைத் திருப்பாமல், கண் இமைக்காமல், அது முடியும்வரை கேட்டாள். அது யார் என்று அவள் கேட்டிருந்தால் பெர்க்மான்ஸ் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. அவள் கேட்கவில்லை. அவராகத்தான், மாடு பார்க்கிற பையன் என்றார். அவள் எழுந்து, பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

“அந்த மாடு பாக்குற பிள்ளைக்கு இதக் குடுத்துருங்க சாமி. நெத்திலி. அவனுக்கு…” என்று தொடங்கியவள், மேலே சொல்லாமல், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெயிலில் இறங்கிச் சாலைக்குப் போனாள்.

யாருக்கும் தனியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே பெர்க்மான்ஸ் பொட்டலத்தைச் சமையலறைக்குக் கொடுத்தார். மறுநாள் மதியம் அந்த வீடு முழுவதும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டது. எஸ்தாக்கி முதல் கவளத்தை வாயில் வைத்ததும் நிறுத்தினான். பிறகு மெதுவாக, ஒன்றையும் சிந்தாமல், இலையை வழித்துச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டுத் தலைவரிடம் வந்தான்.

“அம்ம வந்திருந்தாளா ஃபாதர்?”

பெர்க்மான்ஸ் ஆம் என்றார்.

“அதான் உள்ள இருக்கச் சொன்னீங்களா?”

அதற்கும் ஆம் என்றார். எஸ்தாக்கி திட்டவில்லை, அழவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, அம்மை வந்திருப்பதைச் சொல்லியிருந்தால், அவளுக்குக் கேட்காமல் தொண்டைக்குள்ளேயே சீட்டி அடித்திருப்பேனே என்று மட்டும் சொல்லிவிட்டுப் பசுக்களை அவிழ்க்கப் போனான். பெர்க்மான்ஸ் அன்று பிற்பகல் தியானத்தில் முழந்தாளிட்டபோது, முதன்முறையாக, செபம் வாயில் இருந்ததே ஒழிய உள்ளே இறங்கவில்லை.

சில மழைக்காலங்கள் கழித்து, ரோமாபுரிக்குப் போயிருந்த அந்த ஏரிக்கரை நாட்டின் ஆயர் அங்கிருந்து இந்தியாவுக்கும் வந்து, தமக்கு ஊழியர்களை அனுப்பிவைத்த வீட்டைப் பார்க்க விரும்பி மலையடிக்கு வந்தார். சகோதரர் எஸ்தாக்கியை அவர் மிகவும் புகழ்ந்தார்: அந்த மக்களின் மொழியை அவர்களைவிடப் பிழையில்லாமல் பேசுகிறார், பள்ளிக்கூடம் கட்டினார், கிணறு வெட்டினார், ஒரு நாளும் நேரம் தவறியதில்லை. புகழ்ந்து முடித்துவிட்டு, தயங்கி, அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லியனுப்பிய ஒன்றையும் சொன்னார். ஏரியில் புயல் வந்து மீன் பிடிக்கப் போனவர்கள் மூழ்கிய ஆண்டில், சகோதரர் எல்லோருக்கும் முன்பாக ஓடிவந்து, உடல்களை எடுக்க வைத்து, செபம் சொல்லி, விதவைகளுக்கு மாவு பங்கிட்டு, செய்ய வேண்டிய எதையும் விடாமல் செய்தாராம். அதன் பிறகு ஊரே கரையில் மணல்மேல் உட்கார்ந்தபோது, அவர்களோடு எப்படி உட்காருவது என்று தெரியாமல் ஓரத்தில் நின்றாராம். இவர் நல்லவர், ஆனால் தனியாக வந்துவிட்டார், இவரோடு புறப்பட்டிருக்க வேண்டியவரை அங்கேயே வைத்துக்கொண்டீர்களா என்று கேட்டு வரும்படி அந்தப் பெரியவர்கள் ஆயரை வேண்டினார்களாம்.

கடலில் தகப்பனைப் பறிகொடுத்த ஒருவன் அந்த மணலில் எப்படி உட்கார்ந்திருப்பான் என்பது பெர்க்மான்ஸுக்குத் தெரியும். கிணற்றடியில் அந்த அழுகையை அவர் எத்தனையோ முறை கண்டித்து நிறுத்தியிருக்கிறார். சபைத் தலைவரும் ஆலோசகர்களும் கூடி, எஞ்சியவனையும் கப்பலில் அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். வார்த்தைப்பாடு கொடுக்காதவனுக்குக் கட்டளையிட முடியாது. ஆகவே பெர்க்மான்ஸ் அவனிடம் வேண்டுகோளாகச் சொன்னார். எஸ்தாக்கி யோசித்துவிட்டு, போகிறேன், ஆனால் அம்மையைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றான். நானே அழைத்துப் போகிறேன் என்றார் பெர்க்மான்ஸ். தாம் ஒரு வாசலில் மறுத்ததை இன்னொரு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று அவர் நம்பினார்.

இலந்தைத்துறையில் கித்தேரியம்மாள் பனையோலைப் பாயில் மீனைப் பிளந்து காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சாமியாரைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, ஸ்தோத்திரம் சொல்லி, வீட்டில் இருந்த இரண்டு முக்காலிகளையும் முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

“இருங்க சாமி. தம்பி, நீங்களும் இருங்க” என்றாள்.

எஸ்தாக்கி முக்காலியில் உட்காரவில்லை. “அம்ம, நான்தாம்மா” என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். பகைத்துப் பார்க்கவில்லை, தெரியாதவள்போல நடிக்கவும் இல்லை. பங்குக் கோயிலிலிருந்து யாராவது வந்தால் பார்க்கிறாளே, அந்தக் கனிவோடு பார்த்தாள். பசியோடு வந்திருப்பீர்கள் என்று சொல்லி, அடுக்கிலிருந்து சாமியார்கள் வந்தால் மட்டும் எடுக்கும் பீங்கான் தட்டுகளை எடுத்து, இருவருக்கும் சோறு போட்டாள். எஸ்தாக்கி சின்ன வயதில் சாப்பிட்ட அலுமினியத் தட்டு சுவரில் சாய்ந்து நின்றது. அதில் உப்பு இருந்தது. அவன் சாப்பிட்டான். “தம்பி, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா, கூச்சப்படாதீங்க” என்று அவள் கேட்டபோது, பெர்க்மான்ஸால் பொறுக்க முடியவில்லை. தட்டை வைத்துவிட்டு, அம்மா, இவன் உங்கள் மகன், அன்றைக்கு நான் தவறாகச் சொல்லிவிட்டேன், இவனைத்தான் நீங்கள் கேட்டீர்கள் என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எம்மவன் ஆப்பிரிக்காவுல இருக்கான், சாமி. நீங்கதான சொன்னீங்க. மிச்சம் ஒண்ணும் இல்லன்னீங்க. அந்தச் சீட்டியக் கேட்டுட்டு நான் எப்படி ஊர் வந்து சேந்தேன்னு எனக்குத்தான் தெரியும். சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, நெனப்பு வரும்போதெல்லாம் அடக்கி அடக்கி, மீன உப்புல போட்டாப்ல போட்டு வச்சுட்டேன். லேசுல அடங்கல. இப்ப அடங்கிட்டு.” பாயில் காய்ந்துகொண்டிருந்தவற்றைக் கையால் காட்டினாள். “இனிமே அது பச்ச மீனாவுமா?”

பெர்க்மான்ஸ் எத்தனையோ இளைஞர்களைப் பயிற்றுவித்தவர். பற்றறுத்தல் என்று அவர் ஆண்டுக்கணக்காகக் கற்பித்ததை, ஒரு குறையும் இல்லாமல், யாரும் தினமும் கண்காணிக்காமல், தன்னந்தனியாக முழுமையாக்கிய ஒரே ஆளை அவர் அன்றுதான் கண்டார். தாம் உருவாக்கியதைப் பார்க்க அவரால் முடியவில்லை. எழுந்து வெளியே வந்து, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே கித்தேரியம்மாள் தம்பிக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்தபோது எஸ்தாக்கி ஏறவில்லை. கப்பல் அடுத்த வாரம் என்று பெர்க்மான்ஸ் நினைவூட்டினார். ஏரிக்கரைக்காரர்கள் காத்திருப்பார்கள் என்றார். எஸ்தாக்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். வார்த்தைப்பாடு கொடுத்த யாரும் அவர் கையை அப்படிப் பிடித்ததில்லை.

“சோறு போட்டாங்கல்லா, ஃபாதர். நாளைக்கு வந்தாலும் போடுவாங்க. மவன்னு சொல்லாட்டிப் போவுது. நீங்க போங்க.”

அவர் போனார்.

இதன் பிறகு முடிவானவை இவை.

சபையின் அடுத்த பொதுக்கூட்டத்தில் கருந்துணி வழக்கம் கைவிடப்பட்டது. துணியைப் பூச்சி அரித்துவிட்டது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அதை அகற்றுவதற்கு முன் ஒரு நண்பகலில் அருட்தந்தை பெர்க்மான்ஸ் கோயில் கதவைச் சாத்திவிட்டு, பீடத்தின் முன் குப்புறக் கிடந்து, அதைத் தாமே தம்மேல் போர்த்திக்கொண்டார் என்பதையும், வெகுநேரம் கழித்து எழுந்தவர் அவர் ஒருவரே என்பதையும் வியாகுலம் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

பெர்க்மான்ஸ் தாமே கேட்டுக்கொண்டதால் தலைவர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவருக்குப்பின் வந்தவர் தொழுவத்துக்கு வேறு ஆளை நியமித்தார். அந்த ஆள் பசுக்களை நன்றாகப் பார்த்துக்கொண்டார். பையன்கள் அங்கே போவது நின்றது.

சகோதரர் எஸ்தாக்கி ஏரிக்கரையிலேயே இருந்து இன்னும் இரண்டு பள்ளிகள் கட்டினார். முதல் விடுமுறை வந்தபோது வேலை இருப்பதாகச் சொல்லி வரவில்லை. அந்த ஊர்ப் பெரியவர்கள் மறுபடி ஆளனுப்பிக் கேட்கவில்லை, அவரை மதித்தார்கள்.

எஞ்சியவனை எந்த வார்த்தைப்பாடும் கட்டுப்படுத்தாது என்றும், அவன் திருமணம் செய்துகொள்ளத் தடையில்லை என்றும் ஆயரகம் தீர்ப்பளித்தது. அவன் செய்துகொள்ளவில்லை. ஒரு கட்டுமரத்தில் பங்குக்குப் போனான். தன் பங்கு மீனைக் கித்தேரியம்மாளிடமே கொண்டுவந்து போட்டான். மற்றவர்களுக்குக் கொடுத்த விலையையே அவள் அவனுக்கும் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள்.

கித்தேரியம்மாள் ஒரு தவக்காலத்தில் இறந்தாள். குழிக்குள் பெட்டியை இறக்கியதும் முதல் பிடி மண்ணை மகன் போடுவது அந்த ஊர் வழக்கம். ஆப்பிரிக்காவில் இருந்த மகனுக்காக அதைப் பங்குச்சாமியார் போட்டார். எஸ்தாக்கி ஊராரோடு வரிசையில் நின்று, தன் முறை வந்தபோது, ஒரு பிடி மண் போட்டான்.